கார் உண்டு, என்ஜின் இல்லை!
பந்தய உலகைப் புரட்டிப்போட்ட ஒரு என்ஜினின் கதை

கார் தயார். அதை ஓட்ட உலகிலேயே சிறந்த வீரரும் தயார். ஆனால், காரில் பொருத்த என்ஜின் இல்லை!

1965-ம் ஆண்டில் இப்படி ஒரு நெருக்கடியில் சிக்கித் தவித்தார், இங்கிலாந்தைச் சேர்ந்த காலின் சாப்மன். "லோட்டஸ்" என்ற பந்தயக் கார் கம்பெனியின் அதிபர் அவர்.

"கார் கம்பெனி அதிபரிடம் என்ஜின் இல்லையா?" என்று நீங்கள் கேட்கலாம்.

மோட்டார் பந்தயங்களில் மிகப் பெரியது "பார்முலா 1" பந்தயம். பல நாடுகளில் நடக்கும். ஆண்டு முடிவில் அதிகப் புள்ளிகள் பெற்றவரே உலக சாம்பியன்.

இத்தாலி நாட்டு பெராரி கம்பெனி காரையும் என்ஜினையும் தானே செய்து கொள்ளும். இங்கிலாந்தில் உள்ள பல கோஷ்டிகளுக்கு அந்த வசதி கிடையாது. காரை மட்டும் அவர்கள் செய்வார்கள். என்ஜினை வெளியே விலைக்கு வாங்குவார்கள்.

என்ஜின் தருகிறவர் "இல்லை" என்று சொல்லிவிட்டால்? காரைக் கொட்டகையில் நிறுத்த வேண்டியதுதான்!

கை விரித்த கம்பெனி

லோட்டசுக்கு என்ஜின் கொடுத்து வந்தது கவன்ட்ரி கிளைமாக்ஸ் என்ற கம்பெனி. தீயணைக்கும் பம்புகளுக்கு என்ஜின் செய்து பெயர் பெற்ற கம்பெனி அது. அதன் என்ஜினை வைத்துத்தான், லோட்டஸ் வீரர் ஜிம் கிளார்க் 1963-லும் 1965-லும் உலக சாம்பியன் ஆனார்.

இந்த நேரத்தில் பந்தய விதி மாறியது. "1966-ம் ஆண்டு முதல் 3 லிட்டர் என்ஜின்" என்று அறிவித்தார்கள். அதுவரை இருந்தது 1½ லிட்டர். அதாவது, இரு மடங்கு பெரிய என்ஜின் வேண்டும்.

"புது என்ஜின் செய்யும் செலவு எங்களால் தாங்க முடியாது" என்று கிளைமாக்ஸ் கம்பெனி விலகிக் கொண்டது.

சாப்மன் பணம் தேடி அலைந்தார். கடைசியில் அவருக்குக் கை கொடுத்தவர் வால்டர் ஹேய்ஸ். முன்பு ஒரு ஞாயிறு பத்திரிகைக்கு ஆசிரியராக இருந்தவர். அப்போது, இங்கிலாந்து போர்டு கம்பெனியின் விளம்பரப் பகுதித் தலைவர்.

ஹேய்ஸ் முயற்சியால் போர்டு கம்பெனி 1 லட்சம் பவுண்டு கொடுத்தது. நார்தாம்ப்டன் நகரில் "காஸ்வொர்த்" என்ற சிறு கம்பெனியை நடத்தி வந்த கீத் டக்வொர்த், என்ஜினை வரைந்து உருவாக்கினார். 8 சிலிண்டர், சுமார் 400 குதிரை சக்தி.

முதல் ஓட்டமே வெற்றி!

1967-ம் ஆண்டு ஜூன் 4-ந்தேதி. ஹாலந்து நாட்டில் கடற்கரை ஓரமாக உள்ள சாண்ட்வோர்ட் பந்தயத் திடல். புது என்ஜின் பூட்டிய 2 லோட்டஸ் கார்கள் களம் இறங்கின.

முதல் இடத்தில் இருந்து புறப்பட்ட கிரகாம் ஹில்லின் கார் பாதியில் பழுதாகி நின்றது. 8-வது இடத்தில் இருந்து புறப்பட்ட ஜிம் கிளார்க், ஒவ்வொருவராக முந்தினார். வெற்றிக் கோட்டை முதலில் தாண்டினார்!

பந்தய உலகம் வாய் பிளந்தது. அந்தப் பந்தயம் முதல் ஆண்டு முடிய 9 பந்தயங்கள். ஒன்பதிலும் முதல் இடத்தில் இருந்து புறப்பட்டது லோட்டஸ் கார்தான். கார் அடிக்கடி பழுதானதால் அந்த ஆண்டு சாம்பியன் பட்டம் கை நழுவியது. ஆனால் வேகத்தில் அதற்கு இணை இல்லை என்பது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

பணம் போட்ட ஹேய்ஸ் மகிழ்ச்சியில் துள்ளியிருக்க வேண்டும் அல்லவா? அவருக்கோ கவலை பிடித்துக் கொண்டது!

"ஒரே கோஷ்டி எப்போதும் ஜெயித்தால் பந்தயத்தை யார் பார்ப்பார்கள்? போட்டியே இல்லாத வெற்றியால் போர்டு கம்பெனிக்கு என்ன பெருமை?" இதுதான் அவர் கவலை.

"எல்லோருக்கும் விற்போம்"

ஹேய்ஸ் ஒரு முடிவுக்கு வந்தார். 1968 முதல் மற்றவர்களுக்கும் என்ஜினை விற்பது! விலை 7,500 பவுண்டு.

சாப்மனுக்கு எப்படி இருந்திருக்கும்? அலைந்து திரிந்து பெற்ற வரம், போட்டிக்காரர்கள் கைக்கும் போகிறது. ஆனாலும் அவர் இணங்கினார்.

அந்த ஏப்ரல் 7-ந்தேதி, ஜெர்மனியில் நடந்த வேறொரு பந்தயத்தில் கார் விபத்துக்கு உள்ளாகி ஜிம் கிளார்க் உயிர் இழந்தார். சோகத்தில் மூழ்கிய லோட்டசுக்கு அந்த ஆண்டு பட்டம் பெற்றுத் தந்தவர் கிரகாம் ஹில்.

1968-ல், நியூசிலாந்து வீரர் புரூஸ் மெக்லாரன் தன் பெயரிலேயே கட்டிய காரில் இந்த என்ஜினைப் பூட்டி, பெல்ஜியத்தில் வென்றார். மர வியாபாரி ஒருவரும் என்ஜின் வாங்கினார். பெயர், கென் டிர்ரல். அவரது கோஷ்டியின் ஜாக்கி ஸ்டூவர்ட் 1969-ல் உலக சாம்பியன்! அந்த ஆண்டு நடந்த 11 பந்தயங்களிலும் வென்றது இந்த என்ஜின்தான்.

1968 முதல் 1982 வரை 12 சாம்பியன் பட்டங்கள். 1983 வரை மொத்தம் 155 வெற்றிகள்! அதற்குள், புகைப்போக்கிக் காற்றால் சுழலும் "டர்போ" என்ஜின்களைப் பெரிய கம்பெனிகள் கொண்டு வந்துவிட்டன. சிறு கோஷ்டிகள் மீண்டும் பெரிய கம்பெனிகளின் வாசலில் நிற்க வேண்டியதாயிற்று.

மீண்டும் அதே நாடகம்

2015-ல் பழைய கதை திரும்பியது. ரெட்புல் கோஷ்டி 2010 முதல் 2013 வரை தொடர்ந்து 4 முறை சாம்பியன். என்ஜின் கொடுத்தது பிரெஞ்சு ரெனால்ட் கம்பெனி. பிறகு இருவருக்கும் மனக்கசப்பு.

ரெட்புல் வேறு இடம் தேடியது. மெர்சிடிஸ் மறுத்துவிட்டது. பெராரி தன் புத்தம் புது என்ஜினைத் தர இணங்கவில்லை. ஹோண்டாவிடம் போகலாம் என்றால், அதன் கூட்டாளியான மெக்லாரன் குறுக்கே நின்றது.

காரணம் எளிது. ரெட்புல் கையில் நல்ல என்ஜின் கிடைத்தால், கொடுத்தவரையே தோற்கடித்துவிடும் என்ற பயம்!

வேறு வழியின்றி, ரெட்புல் பழையபடி ரெனால்ட் என்ஜினையே வாங்கியது. 2016-ல் அதன் மேல் ஒரு கைக்கடிகாரக் கம்பெனியின் பெயரை ஒட்டிக்கொண்டு ஓடியது. 2019-ல் ஹோண்டாவுடன் கூட்டு சேர்ந்தது. பிறகு, "இனி யாரையும் நம்ப வேண்டாம்" என்று சொந்தத் தொழிற்சாலையே கட்டியது. 2026 முதல் தன் என்ஜினிலேயே ஓடுவது என்று முடிவு செய்தது. அதற்குத் துணை சேர்ந்த கம்பெனி எது தெரியுமா?

அதே போர்டு!

தேர் எவ்வளவு பெரியதானாலும், ஊர் கூடி இழுத்தால்தான் திருவிழா. ஒருவரே வடத்தைப் பிடித்துக்கொண்டு "எனக்குத்தான்" என்றால் தேர் நிலையை விட்டு நகராது.

வால்டர் ஹேய்ஸ் அதைப் புரிந்துகொண்டார். வடத்தைப் பலர் கையில் கொடுத்தார். 155 வெற்றிகள் வந்தன!