ஐம்பதில் வளைந்த நாய்கள்

"ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?" என்று பெரியவர்கள் கேட்பதுண்டு. மனிதர்களுக்காகச் சொன்ன பழமொழி இது. நாய்களின் விஷயத்தில் விஞ்ஞானிகள் இதைச் சோதித்தே பார்த்துவிட்டார்கள்!

அமெரிக்காவில் மெயின் மாநிலத்தில் பார் ஹார்பர் என்று ஓர் ஊர். அங்குள்ள ஜாக்ஸன் ஆராய்ச்சிக்கூடத்தார், உயரமான வேலி போட்ட மைதானத்தில் சில நாய்க்குட்டிகளைத் தாயுடன் வளரவிட்டார்கள். மனிதர் யாரும் அவற்றோடு பழகவில்லை. பிறகு 2-வது வாரத்தில் சில, 5-வது வாரத்தில் சில, 9-வது வாரத்தில் சில என்று குட்டிகளை உள்ளே கொண்டுவந்து மனிதரோடு பழக்கினார்கள். ஒரு சில குட்டிகளை மட்டும் 14 வாரம் வரையில் அப்படியே விட்டுவைத்தார்கள்.

முடிவு 1961-ல் வெளியாயிற்று. இளம் வயதிலேயே மனிதரைக் கண்ட குட்டிகள் எளிதில் ஒட்டிக்கொண்டன. 14 வாரம் காத்திருந்தவையோ, ஆள் நெருங்கினாலே மிரண்டு ஓடின. எவ்வளவு கொஞ்சினாலும் அந்த மிரட்சி லேசில் போகவில்லை.

நாய்க்குட்டியின் மனக்கதவு சுமார் 3-வது வாரத்திலிருந்து 12-வது வாரம் வரையில் நன்றாகத் திறந்திருக்கிறது. அந்த நாட்களில் பார்த்த முகம், கேட்ட ஓசை, மிதித்த தரை எல்லாம் அதற்குச் சொந்தமாகிவிடும். அதற்குப் பிறகு வரும் புதுமை எதுவானாலும், முதலில் தோன்றுவது பயம்தான்.

அப்படியானால், கூண்டிலோ சங்கிலியிலோ வளர்ந்து, நாலைந்து வயதானபின் காப்பகத்துக்கு வந்து சேரும் நாயின் கதி என்ன? நாயை எடுத்துப்போக வருகிறவர்கள், கம்பிக்கு அருகில் வந்து வாலாட்டும் நாயைத்தான் விரும்புவார்கள். சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு நடுங்கும் நாயை யார் கேட்பார்கள்?

வர்ஜீனியா வழக்கு

2007 ஏப்ரலில் வர்ஜீனியா மாநிலத்தில், மைக்கேல் விக் என்ற புகழ்பெற்ற கால்பந்து ஆட்டக்காரருக்குச் சொந்தமான இடத்தைப் போலீஸார் சோதனை போட்டார்கள். சண்டைப் பந்தயத்துக்காக வைத்திருந்த 'பிட்புல்' ஜாதி நாய்கள் சுமார் 50 அகப்பட்டன. மண்ணில் புதைத்த கார் அச்சுகளில் பல நாய்களைச் சங்கிலி போட்டுக் கட்டியிருந்தார்கள். விக் குற்றத்தை ஒப்புக்கொண்டார். அவருக்கு 23 மாதச் சிறைத்தண்டனை கிடைத்தது.

நாய்களை என்ன செய்வது? சண்டை நாய்களைக் கொன்றுவிடுவதே அதுவரை வழக்கம். பிராணிகளுக்காகப் பாடுபடும் பெரிய சங்கங்களில் சிலவே அப்படித்தான் யோசனை கூறின. ஆனால் கோர்ட் அவசரப்படவில்லை. ஒவ்வொரு நாயையும் தனித்தனியே சோதிக்க ஏற்பாடாயிற்று.

சோதித்தவர்களுக்கு ஆச்சரியம் காத்திருந்தது. மூர்க்கம் காரணமாகக் கொல்ல வேண்டியிருந்தது ஒரே ஒரு நாயைத்தான்! மற்றவற்றில் பலவற்றைப் பிடித்திருந்த வியாதி பயம். ஆள் வந்தால் தரையோடு தரையாகப் படுத்துவிடும்; அசையாது. அமெரிக்கர் இவற்றுக்கு 'பான்கேக்' என்று தங்கள் நாட்டுத் தோசையின் பெயரை வைத்தார்கள்.

22 நாய்கள் யூட்டா மாநிலத்துக் கனாப் ஊரிலுள்ள 'பெஸ்ட் பிரண்ட்ஸ்' காப்பகத்துக்குச் சென்றன. மற்றவை வேறு சங்கங்களின் பொறுப்பில் போயின. பராமரிப்புச் செலவுக்காக விக் சுமார் 9 லட்சத்து 28 ஆயிரம் டாலர் கட்ட நேர்ந்தது. சில நாய்கள் காப்பகத்திலேயே ஆயுளைக் கழித்தன. ஆனால் பல நாய்கள் வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்தன. ஜானி என்ற நாய், குழந்தைகள் உரக்கப் புத்தகம் படிக்கப் பக்கத்தில் படுத்துக் கேட்கும் வேலையைப் பெற்றது! மிகவும் பயந்தவற்றில் ஒன்றான பிரோடோ, வீட்டு நாயாகவே வாழ்ந்து 2021-ல் கண்ணை மூடியது.

பயம் தெளிவிக்கும் பள்ளி

இத்தகைய நாய்களுக்கென்றே அமெரிக்கப் பிராணி வதைத் தடுப்புச் சங்கம் ஒரு பள்ளி நடத்துகிறது. 2013-ல் நியூஜெர்ஸியில் சோதனையாக ஆரம்பித்து, 2018-ல் வட கரோலினாவில் வீவர்வில் என்ற ஊரில் நிரந்தரமாக அமைத்தார்கள். அங்கே பயிற்சி பெற்ற 441 நாய்களைப் பற்றிய கணக்கு வெளியாகியிருக்கிறது. 100-க்கு 86 தேறிவிட்டன!

அங்கே அடி உதை கிடையாது, அவசரமும் கிடையாது. மனிதரிடம் நன்கு பழகிய நாய் ஒன்றைத் துணைக்கு விடுகிறார்கள். "இவர்கள் நல்லவர்கள்" என்று நாய்க்கு நாய்தானே சாட்சி சொல்ல வேண்டும்!

வீட்டுக்கு வந்தால்...

இப்படிப்பட்ட நாயை வீட்டுக்கு அழைத்து வருகிறவர்கள் முதல் நாளே அக்கம்பக்கத்தாரைக் கூட்டிக் காட்டக்கூடாது. சந்தடியில்லாத ஒரு மூலை, ஒரு படுக்கை, தண்ணீர் - ஆரம்பத்தில் இவை போதும். முதல் நாட்களில்தான் நாய் தப்பியோடும் அபாயம் அதிகம். கழுத்துப் பட்டையில் ஒன்று, மார்புப் பட்டையில் ஒன்று என்று இரண்டு வார் பூட்டி வெளியே அழைத்துச் செல்வது நல்லது.

அதன் கண்ணை உற்றுப் பார்க்கக்கூடாது. தலைக்கு மேலே கை நீட்டக்கூடாது. பக்கவாட்டில் திரும்பித் தரையில் உட்கார்ந்து, இறைச்சித் துண்டைத் தூர எறிய வேண்டும். அடுத்த துண்டை நாய்க்குப் பின்னால் எறிய வேண்டும். ஏன் பின்னால்? ஆசையால் நெருங்கி வந்த நாய், "ஐயோ, இவ்வளவு அருகில் வந்துவிட்டோமே!" என்று திகைக்காமல் விலகிப் போக வழி வேண்டும். விலகிப் போகலாம் என்று தெரிந்த நாய்தான் மறுபடி தைரியமாக வரும்.

துடைப்பத்தைக் கண்டு நடுங்குகிறதா? முதலில் தொலைவில் துடைப்பம் தெரிய வேண்டும். அதன் பிறகே இறைச்சி வர வேண்டும். முறை மாறினால் காரியம் கெட்டது! இறைச்சியைக் கண்டதுமே, "ஏதோ ஆபத்து வருகிறது" என்று நாய் பயப்படத் தொடங்கிவிடும்.

உறுமினால் அடிக்கக்கூடாது. உறுமல் என்பது எச்சரிக்கை. அதற்காக அடி வாங்கிய நாய், அடுத்த தடவை எச்சரிக்காமலே கடித்துவிடலாம். கொட்டாவி விடுவது, உதட்டை நக்குவது, முகத்தைத் திருப்பிக்கொள்வது இவையும் பயத்தின் அடையாளங்களாக இருக்கலாம். அவற்றைப் பார்த்தவுடனே விலகி நின்றால் உறுமலுக்கே இடமிராது. பயம் மிகக் கடுமையாக இருந்தால் மிருக வைத்தியர் மருந்தும் கொடுப்பதுண்டு.

புது வீட்டில் நாய்க்கு 3 நாளில் பதற்றம் குறையும், 3 வாரத்தில் வழக்கங்கள் பிடிபடும், 3 மாதத்தில் வீடு சொந்தமாகும் என்று காப்பகத்தார் ஒரு கணக்குச் சொல்வார்கள். ஆனால் பழகாமலே வளர்ந்த நாய்க்கு இந்தக் கணக்குப் போதாது. அதற்கு மாதங்கள் ஆகலாம், வருஷங்களும் ஆகலாம். ஒரு வாரம் பார்த்துவிட்டு, "இது தேறாது" என்று திருப்பிக் கொண்டுபோய் விட்டால், மறுபடி அதைக் கேட்டு வருகிறவர் கிடைப்பது இன்னும் அரிதாகிவிடும்.

அப்புறம் ஒரு நாள், ஆள் இருக்கும்போதே அது தட்டில் வாய் வைக்கும். இன்னொரு நாள் வால் நுனி லேசாக அசையும். வேறு நாய் செய்தால் யாரும் கவனிக்காத காரியங்கள் இவை. இந்த வீட்டிலோ அன்று பண்டிகைதான்!

ஐந்தில் வளையாதது ஐம்பதில் முழுவதும் வளையாது என்பது வாஸ்தவமே. அந்நியர் வந்தால் அது கட்டிலடியில் புகுந்துகொள்ளலாம். ஆனால் அவர்கள் போனபின் வெளியே வந்து ஒருவர் காலடியில் படுக்கிறதே, அந்த ஒருவருக்கு அந்த வளைவு போதும்.