போலந்தின் ஐந்தாம் அடுக்குக்கு ஒரு வாரயிறுதிப் பயணம்

லண்டனுக்கு வடக்கே லூட்டன் விமான நிலையத்திலிருந்து வெள்ளிக்கிழமை இரவு போலந்தின் கத்தோவிட்சே நகருக்குக் கிளம்பும் மலிவு விமானத்தில் பெரும்பாலும் ஊருக்குப் போகும் போலந்துத் தொழிலாளர்கள்தான் இருப்பார்கள். அவர்களுக்கு நடுவே, ஒரே ஒரு பையும் கைபேசியில் ஆட்ட அட்டவணையுமாகச் சில ஆங்கிலேயர்களும் உட்கார்ந்திருப்பார்கள். சனி, ஞாயிறு இரண்டு நாளில் மூன்று ஆட்டம் பார்த்துவிட்டுத் திங்கள் காலை வேலைக்குத் திரும்பிவிடுவது அவர்கள் திட்டம். பார்க்கப்போவதோ போலந்துக் கால்பந்தின் நான்காவது, ஐந்தாவது அடுக்கில், தொலைக்காட்சி எட்டிப் பார்க்காத இடத்தில் ஆடும் அணிகளை. மைதானம் மைதானமாகத் தேடிப் போய் ஆட்டம் பார்க்கும் இந்தப் பழக்கத்துக்கு ‘கிரவுண்ட்ஹாப்பிங்’ என்று பெயர். ஜெர்மனியிலும் இங்கிலாந்திலும் இது பழைய பொழுதுபோக்கு. இங்கிலாந்து லீக்கின் 92 மைதானங்களையும் பார்த்து முடித்தவர்களுக்கென்று 1978 முதல் ஒரு சங்கமே இருக்கிறது. தபால்தலை சேர்ப்பதுபோல மைதானம் சேர்க்கிறார்கள் என்று சிரித்து ஒதுக்கிவிடலாம். அப்படிச் சேர்ப்பவர்களும் உண்டுதான். ஆனால் போலந்தின் கீழ்நிலை ஆட்டங்களைத் தேடிப் போவதில் அதைவிடப் பெரிய நியாயம் ஒன்று இருப்பதாகவே எனக்குத் தோன்றுகிறது. எல்லை மாறியது, ஆலை வந்தது, ஆலை மூடியது, ஆட்கள் நாட்டைவிட்டுப் போனது என்று கடந்த நூற்றாண்டில் அந்த நாடு பட்ட பாடெல்லாம் இந்த மைதானங்களில் படிந்து கிடக்கிறது. பார்க்க வருபவரைச் சுமந்துவரும் மலிவு விமானமும் அதே கதையில் பிறந்ததுதான்.

அமைப்பை முதலில் சொல்லிவிடலாம். உச்சியில் 18 அணிகள் கொண்ட எக்ஸ்ட்ராக்ளாசா. அதற்குக் கீழே இருப்பதை ‘முதல் லீக்’ என்பார்கள், உண்மையில் அது இரண்டாம் அடுக்கு. புதிதாக வருபவர் குழம்பாமல் இருந்தால் அதிசயம். இப்படியே ஒவ்வொன்றாகத் தள்ளி, நான்காம் அடுக்கு நாடு முழுக்க நான்கு பிரிவுகளாகவும், ஐந்தாம் அடுக்கு மாகாண வாரியாகவும் விரிகிறது. அதற்குக் கீழே மாவட்ட லீக்குகள், ஊர் லீக்குகள். ஐந்தாம் அடுக்கில் நுழைவுச்சீட்டு 10 முதல் 20 ஸ்லாட்டி வரை இருக்கும். ஒரு ஸ்லாட்டி நம் பணத்தில் 20 ரூபாய்க்கு மேல். அதற்கும் கீழே பல இடங்களில் சீட்டே கிடையாது, நேராக உள்ளே போகலாம்.

கதை அடர்த்தியாக இருப்பது தெற்கே, மேல் சிலேசியாவில். நிலக்கரிச் சுரங்கங்களைச் சுற்றி வளர்ந்த ஊர்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்க, டிராமில் ஏறினால் ஒரு ஊர் முடிந்தது தெரியாமல் அடுத்த ஊர் வந்துவிடும். கத்தோவிட்சேயிலிருந்து கொஞ்ச தூரத்தில் இருக்கிறது பித்தோம். 1945 வரை அது பாய்த்தன் என்ற ஜெர்மன் நகரம்; அதன் பெரிய அணி பாய்த்தன் 09. போர் முடிந்ததும் போலந்தின் எல்லை மொத்தமாக மேற்கே நகர்த்தப்பட்டது. கிழக்கே ல்வூவ் நகரம் சோவியத் உக்ரைனுக்குப் போயிற்று. அங்கிருந்து பெயர்க்கப்பட்ட போலந்து மக்களில் பலர் ரயிலேறி வந்து இறங்கியது பித்தோமில். 1920களில் நான்கு முறை போலந்து சாம்பியனான போகோன் ல்வூவ் அணியின் ஆட்டக்காரர்களும் அவர்களோடு வந்து, பித்தோமில் போலந்துக்காரர்கள் 1920இல் தொடங்கியிருந்த போலோனியா கிளப்புக்கு உயிர் கொடுத்தார்கள். போலோனியா பித்தோம் 1954இலும் 1962இலும் நாட்டின் சாம்பியன். அதே ஊரில் சுரங்கத் தொழிலாளர் கிளப்பான ஷொம்பியெர்கி 1980இல் சாம்பியன். ஒரு நடுத்தர ஊருக்கு இரண்டு கிளப், மூன்று பட்டம். இது தற்செயலாக நடந்ததில்லை. 1949இல் கம்யூனிஸ்ட் அரசு விளையாட்டு அமைப்புகளைத் தொழில்வாரியாகப் பிரித்தது. ஹோஷூஃப் ஊரின் புகழ்பெற்ற ரூஹ் அணி ரசாயனத் தொழிலாளர் அணியாகி ‘ஊனியா’ என்ற பெயரில் ஆட வேண்டியிருந்தது. போஸ்னானின் லெஹ் ரயில்வே அணியானது. கிராக்கோவின் வீஸ்வா காவல்துறை அணியானது. 1950களின் நடுவில் பழைய பெயர்கள் திரும்பினாலும், கிளப் என்றால் பின்னால் ஓர் ஆலையோ சுரங்கமோ இருக்கும் என்ற ஏற்பாடு 1989 வரை நீடித்தது. ஆட்டக்காரர் பெயர் சுரங்கத்தின் சம்பளப் பட்டியலில் இருக்கும். மைதானத்துக்குப் புல் வெட்டுவதும் வர்ணம் பூசுவதும் ஆலையின் செலவு.

அந்த ஆலை போனால் என்ன ஆகும் என்பதற்குக் கிராக்கோவின் கிழக்குப் புறநகரான நோவா ஹூத்தாவைப் பார்க்கலாம். 1949இல் எஃகு ஆலைக்காகவே கட்டத் தொடங்கிய நகரம் அது. 1950இல் உருவான அதன் கிளப்பின் பெயரே ஹூத்னிக், அதாவது உருக்குத் தொழிலாளி. 1996இல்கூட அந்த அணி ஐரோப்பாவின் யூஃபா கோப்பையில் மொனாக்கோவோடு ஆடியது. அடுத்த ஆண்டே மேல் லீக்கிலிருந்து இறங்கி, பிறகு கடனில் மூழ்கி, கீழிலிருந்து மறுபடி ஏற வேண்டியதாயிற்று. ஆலை லக்ஷ்மி மிட்டலின் நிறுவனத்துக்குக் கைமாறியது. கிராக்கோவின் ஊது உலை 2020இல் நிரந்தரமாக மூடப்பட்டது. பித்தோமிலும் இதே கதிதான்: 1980களில் 2 லட்சத்தைத் தாண்டியிருந்த மக்கள்தொகை இப்போது ஒன்றரை லட்சத்தைச் சுற்றி நிற்கிறது, ஷொம்பியெர்கி பல அடுக்கு சறுக்கிவிட்டது.

போனவர்கள் எங்கே போனார்கள் என்று கேட்டால் விமானம் இந்தக் கதைக்குள் வருகிறது. 2000களின் தொடக்கத்தில் போலந்தில் வேலையின்மை 20 சதவீதத்தைத் தொட்டது. 2004 மே 1 அன்று நாடு ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தது. பிரிட்டன் தன் வேலைச் சந்தையை உடனே திறந்துவிட்டது. அதே மே 19 அன்று விஸ் ஏர் நிறுவனத்தின் முதல் விமானம் பறந்தது, கத்தோவிட்சேயிலிருந்து லூட்டனுக்கு. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் போலந்தில் பிறந்தவர்கள் 2001 கணக்கெடுப்பில் சுமார் 58,000. 2011இல் சுமார் 5,79,000. சுற்றுலாக்காரர் கனவிலும் நினைக்காத ஊர்களுக்கெல்லாம் நேரடி விமானம் கிடைப்பதற்கு இந்த எண்ணிக்கைதான் காரணம். சுரங்கத்தை இழந்து கிளப் சரிந்த அதே ஊர்களிலிருந்து ஆட்களை ஏற்றிப் போக வந்த விமானத்தின் காலி இருக்கையில்தான் வாரயிறுதி ரசிகர் உட்கார்ந்து வருகிறார்.

வந்தவருக்குக் காணக் கிடைப்பது என்ன? ஐந்தாம் அடுக்கு ஆட்டம் சனிக்கிழமை 11 மணிக்கே தொடங்கிவிடலாம். ஒரு பக்கம் மட்டும் மரப் பலகையோ பிளாஸ்டிக் இருக்கையோ போட்ட மேடை. மற்ற மூன்று பக்கமும் புல் சரிவு அல்லது கம்பி வேலி. மேடைக்குக் கீழே கரி அடுப்பில் கியூபாசா எனும் பன்றிக்கறித் தொத்திறைச்சி புகைந்துகொண்டிருக்கும். காகிதத் தட்டில் ஒரு துண்டு ரொட்டி, ஒரு கரண்டி கடுகு விழுதோடு தருவார்கள். பெரியவர்கள் சூரியகாந்தி விதையைப் பல்லால் உடைத்துத் தோலைத் துப்பிக்கொண்டே பார்ப்பார்கள். இடைவேளைக்குள் காலடி முழுக்கத் தோல் குவிந்துவிடும். பயிற்சியாளர் திட்டுவதும் கோல்காப்பாளர் கத்துவதும் தெளிவாகக் காதில் விழும். லைன் நடுவர் கொடியைத் தூக்கினால் அவருடைய வம்சத்தையே இழுத்துப் பேசும் கிழவர் ஒருவர் ஒவ்வொரு மைதானத்திலும் இருக்கிறார். பல மைதானங்களில் நுழைவு 999 பேருக்கு மட்டும் என்று எழுதியிருப்பது இன்னொரு வேடிக்கை. 2009ஆம் ஆண்டின் பாதுகாப்புச் சட்டப்படி 1,000 இடங்களைத் திறந்தால் அது ‘பெருந்திரள் நிகழ்ச்சி’ ஆகிவிடும். அனுமதி, காவலர் எண்ணிக்கை, மருத்துவ ஏற்பாடு என்று செலவு ஏறும். அதனால் ஐயாயிரம் பேர் உட்காரக்கூடிய பழைய மைதானத்திலும் 999 இடம்தான் திறப்பார்கள். பீருக்கும் ஒரு கணக்கு இருக்கிறது: பெருந்திரள் நிகழ்ச்சிகளில் 3.5 சதவீதத்துக்கு மேல் சாராயச் சத்து கூடாது.

இப்படிப் பயணம் போவதற்கு எதிராகச் சொல்லப்படுபவற்றில் முதலாவது, ஆட்டத்தின் தரம். ஒத்துக்கொள்ள வேண்டியதுதான், பந்து தரையில் உருள்வதைவிட வானத்தில் பறக்கும் நேரம் அதிகம். ஆனால் கீழ்நிலை என்றால் மேலுலகோடு தொடர்பே அறுந்த இடம் என்று நினைப்பது தப்பு. ஜெர்மனியின் டார்ட்மண்ட் அணிக்காகச் சாம்பியன்ஸ் லீக் இறுதி ஆடிய உகாஷ் பிஷ்செக், 2021இல் ஊர் திரும்பியதும் சேர்ந்தது நான்காம் அடுக்கில் இருந்த கோச்சாவ்கோவிட்சே கிளப்பில். போலந்து தேசிய அணிக்கு ஆடிய அர்கடியுஷ் மிலிக் தொடங்கியது கத்தோவிட்சேயின் ரோஸ்வுய் என்ற சிறு கிளப்பில். எழுநூற்றுச் சொச்சம் பேர் வாழும் நியெச்சேச்சா கிராமத்து அணி 2015இல் எக்ஸ்ட்ராக்ளாசாவுக்கே ஏறியது. இரண்டாம் அடுக்கில் இருந்துகொண்டே 2024இல் வீஸ்வா கிராக்கோவ் போலந்துக் கோப்பையை வென்றது. ஏணி இரண்டு பக்கமும் திறந்திருப்பதால் 200 பேர் பார்க்கும் ஆட்டத்துக்கும் ஒரு பதைப்பு இருக்கிறது. தரம்தான் வேண்டும் என்பவருக்கு வீட்டில் தொலைக்காட்சி போதும். அதற்காக விமானம் ஏறுவதுதான் அசட்டுத்தனம்.

இரண்டாவது ஆட்சேபம், வன்முறை. இதைச் சிரித்துத் தள்ள முடியாது. போலந்து ரசிகர் குழுக்களுக்குள் தலைமுறை தலைமுறையாக நட்பும் பகையும் உண்டு. எந்தக் கிளப் எதற்குத் தோழன், எதற்கு எதிரி என்பது பல மாகாணங்களைத் தாண்டி நீளும் வரைபடம். காட்டுக்குள் ஆளெண்ணிக்கை பேசிவைத்துக்கொண்டு அடித்துக்கொள்ளும் வழக்கமும் இருக்கிறது. கிராக்கோவில் இரு அணி ரசிகர்களின் பகையில் உயிர்களே போயிருக்கின்றன. ஆனாலும் அபாயம் எல்லா இடத்திலும் ஒரே அளவில் இல்லை. பகையில் பெரும்பகுதி பெரிய கிளப்புகளையும், அண்மையில் கீழே விழுந்த பழைய பெரிய கிளப்புகளையும் சுற்றித்தான் நடக்கிறது. கிராமத்து அணிகள் மோதும் மாவட்ட ஆட்டத்தில் அதிகபட்ச ஆபத்து நேராக வந்து விழும் பந்து. அந்நியர் செய்ய வேண்டியது சில: எந்தக் கிளப்பின் கழுத்துத் துணியையும் போட்டுக்கொண்டு ஊர் சுற்றக் கூடாது, கொடியும் மேளமுமாக நிற்கும் பகுதியைப் பக்கத்தில் போய்ப் படமெடுக்கக் கூடாது, பாஸ்போர்ட் கையில் இருக்க வேண்டும், மேல் அடுக்குகளில் சீட்டு வாங்க அடையாளம் கேட்பார்கள். தோல் நிறத்தால் தனியாகத் தெரிபவர்கள் கூடுதலாக விசாரித்துக்கொண்டு போவது நல்லது. மைதானத்தில் இனவெறிக் கோஷம் கேட்ட வரலாறு அந்த நாட்டுக் கால்பந்துக்கு உண்டு; அதை மறைத்து யாரையும் அனுப்பக் கூடாது.

மூன்றாவது ஆட்சேபத்தில் கூர்மை அதிகம். நொடித்துப்போன ஊரை வேடிக்கை பார்க்க வசதியானவர்கள் வருவதில் என்ன பெருமை? துருப்பிடித்த விளக்குக் கம்பத்தை மட்டும் படமெடுத்துக்கொண்டு போகிறவரைப் பற்றி என்றால் இந்தக் கேள்வி நியாயமானதே. ஆனால் இந்தக் கிளப்புகளை இடிபாடு என்று பார்ப்பதே தவறான பார்வை. வூச் நகரத்தின் வித்ஸெவ் அணியை எடுத்துக்கொள்ளுங்கள். நெசவாலைகளின் நகரம் அது. 1983இல் லிவர்பூலை வெளியேற்றி ஐரோப்பியக் கோப்பை அரையிறுதிக்குப் போன அணி, 2015இல் திவாலாகி ஐந்தாம் அடுக்கில் முதலிலிருந்து தொடங்கியது. நான்காம் அடுக்கில் இருந்தபோதே 2017இல் 18,000 பேர் கொள்ளும் புது மைதானத்துக்குக் குடிபுகுந்தது. பத்தாயிரத்துக்கு மேல் பருவச் சீட்டு விற்றது. 2022இல் மேல் லீக்குக்குத் திரும்பியது. ஆலையும் அரசும் கைவிட்ட பிறகு, சீட்டுக்காசு கொடுத்து அந்த ஊர்க்காரர்கள் எடுத்த முடிவு அது. எல்லா ஊருக்கும் இது வாய்க்கவில்லை. ஆனால் ஐந்தாம் அடுக்கில் புல் வெட்டுபவரும் கோடு போடுபவரும் தொத்திறைச்சி சுடுபவரும் பெரும்பாலும் சம்பளமில்லாமல் செய்கிறார்கள். வெளியூர்க்காரர் கொடுக்கும் 15 ஸ்லாட்டி அங்கே பந்து வாங்க உதவும். எக்ஸ்ட்ராக்ளாசா கணக்கில் அந்தப் பணம் தெரியவே தெரியாது.

நான்காவது ஆட்சேபத்துக்கு என்னிடம் முழுப் பதில் இல்லை: தொண்ணூறு நிமிட ஆட்டத்துக்காக எரிபொருளை எரித்து ஆகாயத்தில் பறக்கலாமா? எப்படியும் பறக்கும் விமானம்தானே என்பது சப்பைக்கட்டு. இருக்கைகள் நிரம்புவதால்தான் தடம் நீடிக்கிறது. ஜெர்மானியர்களுக்கு இதில் வசதி அதிகம். பெர்லினிலிருந்து போஸ்னானுக்கு ரயிலில் மூன்று மணி நேரத்துக்குள் போய்விடலாம், வாரயிறுதியில் அப்படித்தான் பலர் வருகிறார்கள். லண்டன்காரர் செய்யக்கூடியது, அடிக்கடி வராமல் வரும்போது இரண்டு நாள் கூட்டித் தங்குவது. டிராம் ஓடும் சிலேசியாவில் அதற்கு ஆட்டப் பஞ்சம் இல்லை, ஒரு பருவகாலம் தவிர. நவம்பர் இறுதியிலிருந்து மார்ச் வரை தரை உறைந்து கிடப்பதால் கீழ் லீக்குகள் மூடிவிடும். அட்டவணை பார்க்காமல் ஜனவரியில் வந்திறங்குபவர் ஸப்ஷே ஊரின் கீதோ சுரங்கத்தில் 320 மீட்டர் ஆழத்துக்கு லிஃப்டில் இறங்கி, அங்கே இருக்கும் மதுக்கடையில் ஒரு பீர் குடித்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான்.