அளவுகோலுக்கும் எல்லை உண்டு

அளவின் அருமையை நல்லூர்க் குடும்பங்களுக்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை. பனியன் துணியின் எடையோ அகலமோ மாறினால் சரக்கு திரும்பி வந்துவிடும். ஆயினும் அப்பிழை திருத்தக்கூடியது. நல்ல தராசும் கூரிய கண்ணும் போதும்.

கல்லூரியில் ‘நிச்சயமின்மைக் கோட்பாடு’ பயிலும் பிள்ளைகள் சிலர், “அறிவியலே எதுவும் நிச்சயமில்லை என்கிறது, விசுவாசம் மட்டும் எப்படி நிச்சயமாகும்?” என்று வினவுகின்றனர். பெற்றோர் திகைக்க வேண்டா. அக்கோட்பாடு கூறுவது அதுவன்று.

ஜெர்மானிய அறிஞர் வெர்னர் ஹைசன்பர்க் 1927இல், தமது 25ஆம் வயதில், அதனை வெளியிட்டார். எலெக்ட்ரான் போன்ற நுண்துகளின் இடம் எவ்வளவு துல்லியமாகிறதோ, அவ்வளவுக்கு அதன் உந்தம், அதாவது நிறையையும் வேகத்தையும் பெருக்கிய அளவு, துல்லியம் இழக்கும். இது கருவியின் குறையன்று. துகளுக்கு அலையின் இயல்பும் இருப்பதே காரணம்.

ஆலய மணியை எண்ணிப் பார்ப்போம். நீண்டொலிக்கும் நாதத்தின் சுருதி தெளிவாய்க் கேட்கும். ஆனால் அந்நாதம் ஒரே கணத்துக்கு உரியதன்று. மணியைக் கையால் பற்றிக்கொண்டு தட்டினால் ‘டக்’கென்று ஓய்ந்துவிடும், கணம் தெளிவு, சுருதி தெளிவில்லை. எத்தகைய செவியும் இரண்டையும் ஒருங்கே பெறாது. அவ்வோசையிலேயே அவை ஒருங்கே இல்லை. எலெக்ட்ரானும் அத்தகையதே. பனியன் துணி போன்ற பெரும் பொருள்களில் இவ்விளைவு புலப்படாத அளவுக்கு மிகச் சிறிது.

இவ்வெல்லை அறிவை முடக்கிவிட்டதா? இல்லை. 1929இல் ஹைசன்பர்க் சென்னை மாநிலக் கல்லூரிக்கு வந்தபோது, அவரை உடனிருந்து கவனித்துக்கொண்ட மாணவர் சுப்பிரமணியன் சந்திரசேகர். எலெக்ட்ரான்களைக் குறுகிய இடத்தில் நெருக்கினால் அவற்றின் உந்தம் மிகும். பாலியின் விலக்கல் விதியோடு சேர்ந்து, இதுவே முதிர்ந்து சுருங்கிய வெண்குள்ள விண்மீன்களைத் தாங்கும் அழுத்தமாகிறது. அத்தாங்கும் ஆற்றலுக்கும் எல்லை உண்டென, 1930இல் இங்கிலாந்து செல்லும் கப்பலிலேயே சந்திரசேகர் கணக்கிட்டார். இன்று அறியப்படும் அவ்வெல்லை சூரியனின் நிறையைப்போல் சுமார் 1.4 மடங்கு. 1983இல் நோபல் பரிசு அவரை வந்தடைந்தது.

ஆகவே, நிச்சயமின்மை என்பது அறியாமையன்று. எல்லையைத் துல்லியமாய் அறிந்த அறிவு. இதைக்கொண்டு கடவுள் உண்டென நிறுவுவதும், இல்லையென முடிவு கட்டுவதும் ஒருபோலத் தவறே. அறிவியலுக்குரிய நியாயமான தன்னுரிமையை இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் ஏற்றுரைத்தது. விசுவாசமோ அளந்து பெறும் முடிவன்று. அன்பு செய்பவரை நம்பி நம்மையே கையளிப்பது.

பிள்ளை கேள்வி கேட்டால் அதட்டாதிருப்போம். அருகமர்ந்து அவனோடு சேர்ந்து கற்போம். உண்மையைத் தேடும் உள்ளம் இறைவனுக்கு அந்நியமானதன்று.