எண்ணெயைத் திருப்பி அனுப்பும் உதடு

ஆனி பிறந்துவிட்டால் எங்கள் ஊரான இலஞ்சியில் வெயிலும் சாரலும் மாறி மாறி வரும். மேற்கே மலை மேகத்துக்குள் போய்விடும். ஐந்தருவியில் தண்ணீர் விழுகிறதா, பேரருவியில் குளிக்க விடுகிறார்களா என்பதுதான் டீக்கடைப் பேச்சு. அப்படி ஒரு காலையில் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிய என் தங்கை மகள் வாசலில் நின்றபடி கூப்பிட்டாள்: "மாமா, கார் அடியில வானவில் கிடக்கு!"

குனிந்து பார்த்தேன். எங்கள் பழைய சின்ன காரின் முன்சக்கரத்துக்கு உட்பக்கம், தேங்கிய மழைத்தண்ணீரில் மயில் கழுத்து நிறத்தில் ஒரு பொட்டு. எண்ணெய்தான். ஒரு சொட்டு தண்ணீரில் விழுந்து பரவும்போது மிக மெல்லிய படலமாகிறது. அதன் மேல்பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளியும், அடிப்பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளியும் கலக்கின்றன. அப்போது சில நிறங்கள் ஓங்குகின்றன, சில மங்குகின்றன. நிறம் தெரிய வேண்டுமானால் படலத்தின் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு அல்லது அதற்கும் குறைவாக இருக்க வேண்டும். இந்தப் படலத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கொஞ்ச நேரத்தில் வேறொரு இடத்தில் இதைச் சந்திப்போம்.

"ஒரு சொட்டுதானே மாமா?" என்றாள். பழந்தமிழில் இலஞ்சி என்றால் குளம். குளத்தின் பெயரைத் தாங்கிய ஊரில், கொஞ்சம் எண்ணெய் எவ்வளவு பரவும் என்று காட்டிய ஒரு குளத்தின் கதையைச் சொல்லாமல் விட முடியாது. அமெரிக்க அறிஞர் பெஞ்சமின் பிராங்க்ளின் லண்டனுக்குப் பக்கத்தில் கிளாப்பம் என்ற இடத்துக் குளத்தில் ஒரு தேக்கரண்டி எண்ணெயை ஊற்றிப் பார்த்தார். அது பரவிப் பரவி ஏறக்குறைய அரை ஏக்கர் நீர்ப்பரப்பைக் கண்ணாடிபோல் அசையாமல் நிறுத்தியது. 1774-இல் இதை எழுதி வெளியிட்டார். நம் வாசல் சொட்டு மழையோடு ஓடையில் இறங்கினால் போய்ச் சேருவது வயலுக்கும் சித்தாற்றுக்கும்தான். அதனால் ஒரு சொட்டு என்று விட மனம் வரவில்லை.

அன்று இரவு காரின் அடியில் ஓர் அட்டையை விரித்து வைத்தோம். கார் எங்கே ஒழுகுகிறது என்று அறிய இதைவிட நல்ல கருவியை நான் பார்த்ததில்லை. தெளிந்த தண்ணீராக இருந்தால் பெரும்பாலும் ஏசியில் வடிந்தது, பயமில்லை. பச்சையாகவோ இளஞ்சிவப்பாகவோ இருந்தால் கூலன்ட். கறுப்போ பழுப்போ ஆனால் என்ஜின் ஆயில். காலையில் எங்கள் அட்டையில் இருந்தது கெட்டியாக, தேன் நிறத்தில், மூக்கைச் சுளிக்க வைக்கும் கந்தக வாடையோடு இருந்தது. கியர் ஆயில்! பற்கள் ஒன்றையொன்று நசுக்கும் இடத்தில் உலோகத்தைக் காப்பாற்றக் கந்தகம் கலந்த பொருள்களை அதில் சேர்க்கிறார்கள். வாடை அதிலிருந்து வருகிறது.

சனிக்கிழமை அவளையும் கூட்டிக்கொண்டு பட்டறைக்குப் போனேன். அண்ணாச்சி அட்டையைப் பார்த்தார், முகர்ந்தார், காருக்கு அடியில் விளக்கை நீட்டினார். "ஆக்சில் ஆயில் சீல் போயிருக்கு பாப்பா" என்றார்.

ஆயில் சீல் என்றால் என்ன? கியர் பாக்ஸ் எண்ணெய் நிறைந்த ஒரு பெட்டி. அதிலிருந்து ஆக்சில் என்ற இரண்டு இரும்புத் தண்டுகள் வெளியே வந்து சக்கரங்களைச் சுற்றுகின்றன. தண்டு வெளியே வர ஓட்டை வேண்டும். ஓட்டை இருந்தால் எண்ணெயும் வெளியே வரும். சுற்றாத பொருளாக இருந்தால் இறுக அடைத்துவிடலாம், பாட்டிலுக்கு மூடி போடுகிற மாதிரி. சுற்றிக்கொண்டே இருப்பதை எப்படி அடைப்பது?

இறுக்கிப் பிடித்தால் ரப்பர் உரசிச் சூடேறிக் கருகும். தளர விட்டால் ஒழுகும். இந்த இரண்டுக்கும் நடுவே உட்கார்ந்திருக்கும் வளையம்தான் ஆயில் சீல். வெளியே ஓர் இரும்பு வட்டம். அதோடு ஒட்டிய ரப்பர். ரப்பரின் உள்விளிம்பு கூராகி ஓர் உதடாக நிற்கும். அதைப் பட்டறையில் லிப் என்பார்கள். உதட்டின் முதுகில் மெல்லிய ஸ்பிரிங் வளையம் ஒன்று கட்டியிருக்கும். ரப்பர் கொஞ்சம் தேய்ந்தாலும் தளர்ந்தாலும் உதட்டைத் தண்டோடு ஒட்டி வைப்பது அந்த ஸ்பிரிங். வெளிப்பக்கம் இன்னொரு சின்ன உதடு பல சீல்களில் உண்டு. எண்ணெயோடு அதற்கு வேலையில்லை, சாலைப் புழுதியையும் சேற்றையும் தடுப்பதே அதன் பொறுப்பு.

இனி எனக்கு மிகவும் பிடித்த பகுதி. உதடு தண்டைத் தொட்டு அடைத்துக்கொண்டிருக்கிறது என்றுதானே நினைக்கிறீர்கள்? நானும் வெகுநாள் அப்படித்தான் நினைத்திருந்தேன். வண்டி ஓடும்போது உதடு தண்டைத் தொடுவதே இல்லை எனலாம். இரண்டுக்கும் நடுவே ஓர் எண்ணெய்ப் படலம் இருக்கிறது. 1957-இல் ஜாகர் என்ற இங்கிலாந்துப் பொறியாளர் இதைத் தம் சோதனைகளைக் கொண்டு எழுதிக் காட்டினார். அந்தப் படலத்தின் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்கு. வாசலில் கிடந்த வானவில் நினைவிருக்கிறதா? கிட்டத்தட்ட அந்த அளவு. அதன்மேல்தான் உதடு வழுக்கிக்கொண்டு போகிறது.

அப்படியானால் படலம் வழியாக எண்ணெய் ஏன் ஒழுகவில்லை? உதட்டின் வடிவத்தைப் பாருங்கள். எண்ணெய் இருக்கும் பக்கம் செங்குத்தான சரிவு, வெளிக்காற்றுப் பக்கம் படுத்த சரிவு. ரப்பரின் பரப்பில் கண்ணுக்குத் தெரியாத மேடுபள்ளங்கள் இருக்கின்றன. தண்டு சுற்றும்போது அவை இழுபட்டுச் சாய்ந்து குட்டிக் குட்டித் துடுப்புகளாகின்றன. இரண்டு சரிவும் ஒன்றுபோல் இல்லாததால் அந்தத் துடுப்புகள் எண்ணெயை உள்ளே தள்ளுவதே அதிகம். வெளியே வர எட்டிப் பார்க்கும் எண்ணெய் திரும்ப உள்ளேயே போகிறது. நல்ல சீலின் வெளிப்பக்கம் ஒரு சொட்டு எண்ணெய் வைத்துத் தண்டைச் சுற்றினால் அதையும் உள்ளே இழுத்துக்கொள்ளும்! அதே சீலைத் திருப்பி மாட்டினால் எண்ணெயை வெளியே இறைத்துவிடும். மூடியைப் போல அடைத்துக்கொண்டு உட்காராமல் ஓயாமல் வேலை செய்கிற ஒரு சின்ன பம்ப் அது.

எவ்வளவு வேலை என்று கணக்குப் போட்டோம். தண்டின் விட்டம் 35 மில்லிமீட்டர் என்றால் சுற்றளவு 11 சென்டிமீட்டர். எங்கள் காரின் சக்கரம் ஒரு முறை உருண்டால் 1.7 மீட்டர் போகும். அதற்குள் உதட்டுக்கு அடியில் 11 சென்டிமீட்டர் இரும்பு ஓடிவிடும். ஒரு கிலோமீட்டருக்கு 65 மீட்டர். 60,000 கிலோமீட்டர் ஓடிய காரில் 3,900 கிலோமீட்டர்! ஏறக்குறைய கன்னியாகுமரியிலிருந்து காஷ்மீர் போகும் தூரம். இரண்டு தாள் தடிமன்கூட இல்லாத ஒரு ரப்பர் விளிம்பு அவ்வளவு தூரம் நடந்திருக்கிறது.

ரப்பர் என்றதும் அவளுக்குச் செங்கோட்டை தாண்டிப் புனலூர் போகும் வழியில் பார்த்த மரங்கள் ஞாபகம் வந்தன. சிரட்டை கட்டிப் பால் வடிக்கும் மரங்கள். "அந்த ரப்பரா மாமா இது?" இல்லை. அது மண்ணெண்ணெயிலும் என்ஜின் ஆயிலிலும் ஊறிவிடும். மரத்து ரப்பரும் பெட்ரோலிய எண்ணெயும் கார்பன், ஹைட்ரஜன் சங்கிலிகளால் ஆனவை. இனம் இனத்தோடு சேர்ந்துவிடும். அதனால் முற்காலத்தில் சுழலும் தண்டுகளுக்குத் தோல் வளையங்களையே போட்டார்கள். சைக்கிள் பம்ப்பின் உள்ளே இருக்கும் தோல் வாஷர் அந்தப் பரம்பரைதான். ஜெர்மனியில் 1849-இல் தோல் பதனிடும் தொழிலாகத் தொடங்கிய பிராய்டன்பெர்க் நிறுவனம், 1930-களில் தோல் சீலிலிருந்து செயற்கை ரப்பர் சீலுக்கு மாறியது. எண்ணெயோடு ஒட்டாத நைட்ரைல் என்ற ரப்பர் பிறந்ததும் அந்தப் பத்தாண்டில்தான். இன்று நம் மதுரையை மையமாகக் கொண்ட பென்னர் நிறுவனமும் ஆயில் சீல் செய்கிறது. நைட்ரைலுக்கும் எதிரி உண்டு. சூடு பட்டுப் பட்டு வருடங்கள் போனால் இறுகி, வெடித்து, வளைகிற குணத்தை இழக்கும்.

அண்ணாச்சி வேலையைத் தொடங்கினார். நீங்கள் பக்கத்தில் நின்று பார்க்கலாம், காருக்கு அடியில் போகக் கூடாது. ஜாக்கியை மட்டும் நம்பி அவரும் போவதில்லை, ஸ்டாண்ட் கொடுத்த பிறகே போகிறார். கியர் ஆயிலைத் தட்டில் வடித்தார். சக்கரத்தைக் கழற்றித் தண்டை உருவினார். பழைய சீலை நெம்பி எடுக்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

"எடுக்கது லேசு பாப்பா, வைக்கதுலதான் வேலை இருக்கு" என்றார். சீல் உட்காரும் இடத்தில் கீறல் விழக் கூடாது. அதைத் துணியால் துடைத்தார். தண்டின் மேல் நகத்தை ஓட்டிப் பார்க்கச் சொன்னார். உதடு ஓடிய இடத்தில் மிக லேசான பள்ளம் இருந்தது. மெத்தென்ற ரப்பர் இரும்பைத் தேய்க்குமா? ரப்பரில் பதிந்த புழுதித் துகள்கள் உப்புத்தாள்போல் தேய்க்கும். கிணற்றுக் கல்லில் கயிறு போட்ட தடத்தைப் பார்த்தவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்காது. புதுச் சீலை ஒரு மில்லிமீட்டர் தள்ளி உட்கார வைத்தால் உதடு பள்ளத்தில் விழாது.

பிறகு கியர் பாக்ஸின் மேலே இருக்கும் பிரீதர் என்ற மூச்சுத் துளையைப் பார்த்தார். சேறு அடைத்திருந்தது. பெட்டி சூடானால் உள்ளே காற்று விரியும். மூச்சு விட வழியில்லை என்றால் அந்த அழுத்தம் எண்ணெயைச் சீல் வழியே பிதுக்கும். அதைக் குத்திச் சுத்தம் செய்யாமல் சீலை மட்டும் மாற்றியிருந்தால் அடுத்த சாரலுக்குள் மறுபடி வந்திருப்போம். நல்ல மெக்கானிக்கை இந்த இடத்தில்தான் அடையாளம் காணலாம் என்று எனக்குத் தோன்றியது.

புதுச் சீலின் உதட்டில் விரலால் எண்ணெய் தடவினார். காய்ந்த உதடு முதல் ஓட்டத்திலேயே கருகிவிடுமாம். ஸ்பிரிங் தெரியும் பக்கம் எண்ணெயைப் பார்த்து இருக்க வேண்டும். சீலின் அளவுக்கே உள்ள ஒரு பைப் துண்டை வைத்துச் சுற்றிலும் ஒரே சீராகத் தட்டி இறக்கினார். தண்டின் முனைப் பற்கள் உதட்டைக் கிழிக்காமலிருக்க, தண்டை நேராகப் பிடித்து மெதுவாக உள்ளே விட்டார். கடைசியில் புது கியர் ஆயில்.

பழைய சீலை அவளிடம் கொடுத்தார். அதன் முகத்தில் மூன்று எண்கள் இருந்தன: உள்விட்டம், வெளிவிட்டம், தடிமன், எல்லாம் மில்லிமீட்டரில். வீட்டுக்கு வந்ததும் ஸ்கேல் வைத்துச் சரிபார்த்தாள். ஸ்பிரிங்கைக் கழற்றினாள். அது முழு வளையமாக வார்த்தது இல்லை. நீண்ட சுருளின் ஒரு முனை ஒடுங்கி மறுமுனைக்குள் திருகி நுழைந்திருந்தது.

வடித்த எண்ணெயில் அரைக் கிண்ணம் கேட்டு வாங்கி வந்திருந்தோம். அதில் ஒரு ரப்பர் பாண்டையும் நீலநிற நைட்ரைல் கையுறைத் துண்டு ஒன்றையும் போட்டு, அளவுகளை நோட்டில் குறித்து வைத்தாள். பெரியவர் ஒருவரை வைத்துக்கொண்டு நீங்களும் செய்யுங்கள். மூன்றாம் நாள் எடுத்துத் துடைத்தோம். கையுறைத் துண்டு போட்டபடியே இருந்தது. ரப்பர் பாண்ட் தடித்து, நீண்டு, கொழகொழத்துப் போயிருந்தது. அவள் லேசாக இழுத்ததும் கையோடு வந்துவிட்டது.