தறிக்கு மேலே ஒரு கண்ணாடி ஓடு

காஞ்சிபுரத்துக்குத் தெற்கே, பாலாற்றங்கரையை அடுத்து, திருமழிசை ஆழ்வாரும் அவருடைய சீடர் கணிகண்ணனும், அவர் வேண்டுகோளுக்கு இணங்கிப் பாம்பணையைச் சுருட்டிக்கொண்டு பின்தொடர்ந்த பெருமாளும் ஓர் இரவு தங்கிய காரணத்தால் ஓரிரவிருக்கை என்று பெயர் பெற்று, நாளடைவில் அது ஓரிக்கை என்று மருவியதாகச் சொல்லப்படும் ஊர் இருக்கிறது. அவ்வூரில் ஒரு நெசவாளர் வீட்டில், குழித்தறிக்கு நேர் மேலே, நாட்டு ஓடுகளின் நடுவே பதித்திருந்த ஒற்றைக் கண்ணாடி ஓட்டின் வழியாக இறங்கி, அரக்குச் சிவப்புப் பாவின் மீது சதுரமாக விழுந்திருந்த வெயிலைப் பார்த்துக்கொண்டு நெடுநேரம் நின்றேன். மழையைத் தடுக்கும் அதே கூரை சூரியனை வேலைக்கு அழைத்து வந்து தறியின் முன் உட்கார வைத்திருக்கிறது. கட்டடத்தோடு சூரியத் தகடுகளை ஒன்றாக இணைக்க வேண்டும் என்று இன்றைய விஞ்ஞானிகள் பேசுகிற பெரிய விஷயத்தின் சாரம் முழுவதும் அந்தக் கைகண்ட உபாயத்தில் அடங்கியிருப்பதாக எனக்குத் தோன்றியது.

இன்று நம் தெருக்களில் காணும் சூரியத் தகடுகள் பெரும்பாலும் பிற்பாடு வந்து சேர்ந்தவை. வீடு கட்டி, குடிபுகுந்து, சில வருஷங்கள் சென்றபின், மொட்டை மாடியைத் துளையிட்டு, இரும்புக் கால்கள் நாட்டி, அவற்றின் மேல் தகடுகளை ஏற்றுகிறோம். வற்றல் காயவைத்த இடமும் கோடையில் பாய் விரித்த இடமும் அவற்றின் அடியில் மறைந்துபோகின்றன. ஓடு வேய வேண்டிய இடத்திலும், தகரம் போட வேண்டிய இடத்திலும், சுவருக்குக் கல் ஒட்ட வேண்டிய இடத்திலும் தகடே அமர்ந்து, அவை செய்யவேண்டிய காரியத்தையும் தானே செய்து, கூடவே மின்சாரமும் தருமானால், அதுதான் கட்டடத்தோடு ஒன்றிய தகடு. மாடியில் நிழலுக்காகத் தகரக் கொட்டகை போட நினைக்கிற குடும்பம் தகரத்துக்குச் செலவிடும் பணம் இங்கே மிச்சமாகிறது என்பது இதிலுள்ள முதல் சௌகரியம்.

கோயில் நகரத்தில் வாழ்பவர்கள் கருதிப் பார்க்கத்தக்க உதாரணம் ஒன்று ரோமாபுரியில் இருக்கிறது. வத்திக்கானில் போப்பாண்டவர் மக்களைச் சந்திக்கும் மண்டபம், நெர்வி என்ற இத்தாலியப் பொறியாளர் வடிவமைத்து 1971இல் திறக்கப்பட்டது. அதன் கூரைமேல் பாவியிருந்த சிமெண்டுப் பலகைகள் காலப்போக்கில் சிதைந்தபோது, 2008இல் அவற்றை எடுத்துவிட்டு அவை இருந்த இடத்திலேயே சுமார் 2,400 சூரியத் தகடுகளைப் பொருத்தினார்கள். மண்டபத்தின் வளைந்த உருவம் மாறவில்லை. நம் மாட வீதிகளிலும், கருங்கல் மணிமண்டபம் நிற்கும் ஓரிக்கையிலும், கோபுரத்தை நோக்கிய முகப்பில் பளபளக்கும் கண்ணாடியை மாட்டாமல், கண்ணில் படாத பின்புறச் சரிவில் அதை அமைப்பதே முறை என்பது என் திடமான அபிப்பிராயம்.

தமிழ்நாட்டுக்கும் இந்த எண்ணம் புதிதன்று. ஆரோவில்லில், 15 மீட்டர் விட்டமுள்ள ஒரு பெரிய கிண்ணத்தைச் சமையற்கூடத்தின் கூரையாகவே கட்டி, உள்ளே கண்ணாடிச் சில்லுகளைப் பதித்து, அது குவிக்கும் வெயிலால் நீராவி எழுப்பிச் சமைக்க வழிசெய்தார்கள். 2011இல் மாநில அரசு தொடங்கிய பசுமை வீடுகள் திட்டத்தில் 300 சதுர அடி வீட்டைக் கட்டும்போதே சூரிய விளக்குகள் ஐந்தும் சேர்த்துக் கொடுக்கப்பட்டன. வீடும் விளக்கும் ஒரே மதிப்பீட்டில் வந்தது சிறிய காரியமன்று. தகடு செய்யும் தொழிலே காஞ்சிபுரம் மாவட்டத்துக்கு வந்துவிட்டது. ஸ்ரீபெரும்புதூரை அடுத்த பிள்ளைப்பாக்கத்தில் 2024 ஜனவரியில் ஃபர்ஸ்ட் சோலார் நிறுவனத்தின் ஆலை திறக்கப்பட்டது. அங்கே சிலிக்கான் வில்லைகளுக்குப் பதிலாக, காட்மியம், டெலூரியம் என்ற இரண்டும் சேர்ந்த கூட்டுப்பொருளை மயிரிழையினும் மெல்லிய படலமாகக் கண்ணாடியின் மீது படியவைக்கிறார்கள். கண்ணாடியே மின்சாரம் தரும் பொருளாக மாறுகிறபோது, கண்ணாடி பொருத்தும் இடமெல்லாம் அதற்குரிய இடமாகிவிடுகிறது.

சுவர் விஷயத்தில் மட்டும் மேல்நாட்டைக் கண்ணை மூடிக்கொண்டு பின்பற்றலாகாது. கோபன்ஹேகன் நகரத்துச் சர்வதேசப் பள்ளி ஒன்றின் சுவர்களைக் கடல்நிறமுள்ள 12,000 சூரியத் தகடுகளால் போர்த்தியிருக்கிறார்கள். பள்ளிக்கு ஓராண்டில் வேண்டிய மின்சாரத்தில் ஏறத்தாழப் பாதியை அச்சுவர்கள் தருகின்றன. அங்கே சூரியன் கோடையிலும் தலைக்கு மேல் வருவதில்லை. சாய்ந்து வரும் கிரணங்கள் சுவரில் நன்றாக விழுகின்றன. காஞ்சியிலோ சித்திரை இரண்டாம் வாரத்தில் நண்பகலில் சூரியன் நேர் உச்சியில் நின்று, பிறகு சற்றே வடக்கே ஒதுங்கி, ஆவணி பிறக்கும் சமயத்தில் மறுபடியும் உச்சிக்கு வருகிறது. ஆகவே வெயில் மிகக் கடுமையான மாதங்களில் தெற்குச் சுவருக்குக் கிடைப்பது சொற்பமே. நம் ஊரில் விளைநிலம் கூரைதான். மாலை வெயிலில் அடுப்புபோல் காயும் மேற்குச் சுவருக்கு மட்டும், நான்கு விரற்கடை இடைவெளி விட்டு ஒரு தகட்டு வரிசை போர்த்தினால், மின்சாரத்தைவிட நிழலே பெரிய ஊதியமாகும்.

அந்த இடைவெளியைப் பற்றி இன்னும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் தவறுகிறவர்கள் அதிகம். தகட்டில் விழும் வெயிலில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கே மின்சாரமாகிறது; எஞ்சியதில் பெரும்பகுதி உஷ்ணமாகிறது. தகட்டின் மேல் எழுதியிருக்கும் சக்தி 25 டிகிரி வெப்பத்தில் அளந்தது. சித்திரை நண்பகலில் தகடு 60 டிகிரியைத் தாண்டும்போது, ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் சிலிக்கான் தகடு நூற்றுக்குக் காலுக்கும் அரைக்கும் இடைப்பட்ட அளவு சக்தியை இழப்பதால், மொத்தத்தில் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு குறைந்துவிடும். காற்றோட்டமின்றிக் கூரையோடு ஒட்டவைத்தால் இந்த நஷ்டம் கூடுவதோடு, உஷ்ணம் முழுவதும் கீழே தறியில் இருப்பவர் தலைமேல் இறங்கும். அடியில் காற்று நுழைந்து உச்சியில் வெளியேற வழிவிட்டால் இரண்டு துன்பமும் தணியும்.

நிழலும் அவ்வாறே. தகட்டிலுள்ள வில்லைகள் மாலைபோல் ஒன்றோடொன்று தொடுக்கப்பட்டவை; தண்ணீர்த் தொட்டியின் நிழல் ஒரு மூலையில் விழுந்தாலும் அந்த வரிசை முழுவதும் தளர்ந்துபோகும். தென்னை மரமும் தொட்டியும் எங்கே இருக்கின்றன என்று பார்த்துவிட்டுத்தான் கூரையைத் தீர்மானிக்க வேண்டும். 2016 டிசம்பரில் வர்தா புயலைக் கண்டவர்களுக்குக் காற்று கூரையை அடியிலிருந்து தூக்கும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. ஆணிகளும் சட்டங்களும் அதைக் கருதி அமைய வேண்டும்.

ஒரு கிலோவாட் தகடுகளுக்குச் சுமார் 100 சதுர அடி நிழலற்ற கூரை வேண்டும். நாளொன்றுக்குச் சராசரி நான்கு யூனிட் கிடைக்கும். 2024இல் மத்திய அரசு தொடங்கிய சூரிய வீடு திட்டத்தில் ஒரு கிலோவாட்டுக்கு 30,000 ரூபாயும், இரண்டுக்கு 60,000 ரூபாயும், மூன்றுக்கும் அதற்கு மேலும் 78,000 ரூபாயும் மானியம் அறிவிக்கப்பட்டது. தெருக் கம்பியோடு இணைந்த சாதாரண அமைப்பு, வெளியில் மின்சாரம் நின்றால் பட்டப்பகலிலும் தானே நின்றுவிடும் என்பதை வாங்குமுன் அறிந்துகொள்ள வேண்டும். கம்பத்தில் ஏறிப் பழுது பார்ப்பவரின் உயிரைக் காக்கவே அந்த ஏற்பாடு. மின்வெட்டிலும் விளக்கு எரிய வேண்டுமென்றால் பேட்டரி தனியே வேண்டும்.

இவற்றையெல்லாம் அந்த நெசவாளரிடம் ஒருவாறு விளக்கிச் சொன்னேன். பாவைத் தடவிக்கொண்டே கேட்டிருந்த பெரியவர், "ஒழுகாதுங்களா ஐயா?" என்றார். ஒரு சொட்டு நீர் விழுந்தால் பல நாள் உழைப்புக் கறையாகும் தொழிலில் இருப்பவர் வேறெதைக் கேட்பார்? தகட்டுக்கும் தகட்டுக்கும் நடுவே நீரோடும் சட்டம் வைத்து, கீழே மெல்லிய தகரமோ ஓடோ இரண்டாம் காப்பாக இருக்கும்படி கட்டினால் ஒழுகாது. அதை மேஸ்திரியும் மின்வேலைக்காரரும் ஒன்றாக நின்று கூரை போடும் நாளிலேயே செய்யவேண்டும், பிறகு துளையிட்டால் யாரும் பொறுப்பேற்க முடியாது என்றேன்.

அவர் அண்ணாந்து பார்த்தார். "அந்தக் கண்ணாடி ஓட்ட மட்டும் எடுக்கக் கூடாதுங்க. விளக்கு வெளிச்சத்துல அரக்கும் மெரூனும் ஒண்ணாத் தெரியும்" என்றார்.

எடுக்கவேண்டிய அவசியமில்லை. இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே வில்லைகளை இடைவெளி விட்டு அடுக்கிய தகடுகள் இருக்கின்றன. வில்லைகளில் விழும் வெயில் மின்சாரமாகும், இடைவெளியில் விழும் வெயில் கீழே இறங்கும். அதுவும் வேண்டாமென்றால் தறிக்கு நேர் மேலே ஒரு முழம் விட்டுவிட்டு, அதைச் சுற்றித் தகடுகளை வேய்ந்துகொள்ளலாம். அப்படியே செய்யும்படி சொல்லிவிட்டு வந்தேன்.