முதுகெலும்பைக் காப்போம்

துணிவற்றவனை 'முதுகெலும்பு இல்லாதவன்' என இகழ்வதும், இளையோரைத் 'தலைநிமிர்ந்து வாழ்க' என வாழ்த்துவதும் தமிழர் வழக்கு. மானத்தையும் உறுதியையும் முதுகெலும்போடு இணைத்துப் பேசும் நாம், அதனைப் பேணுவதில் காட்டும் அக்கறை மிகச் சிறிதே. உலக நலவாழ்வு அமைப்பின் கணக்குப்படி, 2020-ஆம் ஆண்டில் ஏறத்தாழ 62 கோடிப் பேர் கீழ்முதுகு வலியால் வருந்தினர். மனிதரை முடக்கும் நோய்களுள் இதுவே உலகில் முதலிடம் பெறுகின்றது.

அமைப்பு

முதுகெலும்பு ஒற்றை எலும்பன்று; 33 முள்ளெலும்புகளின் தொடராகும். கழுத்தில் 7, மார்புப் பகுதியில் 12, இடுப்பில் 5 ஆக 24 எலும்புகள் அசைவன. எஞ்சிய ஒன்பதும் வளர்ந்தோர்க்குத் தம்முள் இணைந்துவிடுகின்றன. அசையும் எலும்புகளுக்கு இடையே மெத்தை போன்ற வட்டுகள் உள்ளன. இவ்வட்டுகளின் உட்பகுதிக்கு இரத்தக் குழாய்கள் செல்வதில்லை. சுற்றிலுமிருந்து ஊறிவரும் ஊட்டமே அவற்றுக்கு உணவு. உடலசைவு அதற்குத் துணைபுரிகின்றது. ஆதலின் அசையாது நெடுநேரம் அமர்ந்திருத்தல் முதுகுக்கு நன்றன்று.

கையே மருந்து

1895-இல் அமெரிக்காவின் டாவன்போர்ட் நகரில் டேனியல் டேவிட் பால்மர் என்பவர் தொடங்கிய மருத்துவமுறை 'கைரோபிராக்டிக்' எனப்படும். 'கையால் செய்வது' என்னும் பொருள்தரும் கிரேக்கச் சொற்களால் அமைந்த பெயர் இது. நம் சித்த மருத்துவத்திலும் 'தொக்கணம்' என்னும் கைம்முறை உண்டு. தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், அழுத்தல், இழுத்தல், அசைத்தல் முதலாக அஃது ஒன்பது வகைப்படும்.

நோய் பலவற்றுக்கும் முள்ளெலும்பின் பிறழ்ச்சியே காரணம் எனப் பால்மர் கருதினார். அக்கருத்தை இன்றைய அறிவியல் ஏற்பதில்லை. எனினும், நாட்பட்ட கீழ்முதுகு வலிக்கு உடற்பயிற்சி முதலியவற்றோடு பயிற்சி பெற்றோரின் கைம்முறை மருத்துவத்தையும் மேற்கொள்ளலாம் என உலக நலவாழ்வு அமைப்பு 2023-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் கூறுகின்றது.

நெட்டி முறித்தல் வேண்டா

முடிதிருத்தகங்கள் சிலவற்றில் தலையைப் பற்றிச் சட்டெனத் திருப்பிக் கழுத்தில் நெட்டி முறிக்கும் வழக்கம் உண்டு. அவ்வொலி எலும்பு தன் இடத்தில் அமர்ந்ததன் அடையாளமன்று; மூட்டுநீரில் தோன்றும் வளிக்குமிழ் மாற்றத்தின் ஓசையே. கழுத்தெலும்புகளின் துளைகள் வழியாகவே மூளைக்குக் குருதி கொண்டுசெல்லும் தமனிகள் இரண்டு ஏறுகின்றன. திடீர்த் திருகலால் அவற்றின் உட்சுவர் கிழிந்தால் பக்கவாதம் நேரலாம். இஃது அரிதே, ஆயினும் நேர்ந்தால் விளைவு கடுமையாகலாம். சில நொடிச் சுகத்திற்காக அத்தகைய இடரை விலைக்கு வாங்குதல் அறிவுடைமையாகாது.

நாள்தோறும் செய்யத்தக்கவை

காலை வேளையில் மன்னார்புரம் சந்திப்பில் நின்று நோக்கின், ஒரு தோளில் சுமைப்பை தொங்க, கைப்பேசியின்மேல் தலைகவிழ்ந்து பேருந்துக்குக் காத்திருக்கும் இளையோர் பலரைக் காணலாம். தலை முன்னே சாயச் சாயக் கழுத்துத் தசைகளின் சுமை பெருகும். எனவே கைப்பேசியைக் கண்ணளவுக்கு உயர்த்துவது நலம். பையை இரு தோளிலும் மாட்டுதல் வேண்டும். பள்ளிப் பை மாணவர் எடையில் பத்தில் ஒரு பங்கை மிஞ்சலாகாது என்பது 2020-ஆம் ஆண்டின் நடுவணரசுக் கொள்கை.

தண்ணீர்க் குடத்தையோ அரிசி மூட்டையையோ தூக்கும்போது இடுப்பை வளைக்காமல் முழங்காலை மடக்கி, சுமையை உடலோடு அணைத்து எழுதல் வேண்டும். தூக்கியவாறே உடலைத் திருகுதல் தீது. படிப்போரும் அலுவலரும் அரைமணிக்கு ஒருமுறை எழுந்து சில அடி நடக்கலாம். காஜாமலை அண்ணா விளையாட்டரங்கிலோ காவிரிக் கரையிலோ அன்றாடம் அரைமணி நேரம் நடத்தல் செலவில்லா மருந்தாகும். வலி வந்தபோதும் பல நாள் படுத்தே கிடத்தல் கூடாது. இயன்ற அளவு நடமாடுதலே விரைவில் குணந்தரும்.

மருத்துவரை நாட வேண்டிய வேளை

சிறுநீர், மலம் அடக்க இயலாமை, காலில் வலுவிழப்பு, தொடையிடுக்கில் மரமரப்பு ஆகியவை முதுகுவலியோடு தோன்றின் அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். காய்ச்சலோ, காரணமற்ற எடைக்குறைவோ, விபத்தில் பட்ட அடியோ இருப்பினும் காலந்தாழ்த்தலாகாது. இவ்வேளைகளில் சுளுக்கெடுப்போரை நாடி நாளைக் கழித்தல் நிலையான ஊனத்திற்கு வழிகோலும்.

முதுகெலும்பு ஒருமுறை தரப்பட்ட செல்வம். அதைக் காக்கும் கைகளுள் முதன்மையானவை நம் கைகளே. அளவாய்ச் சுமந்து, முறையாய் அமர்ந்து, நாளும் நடந்து, நிமிர்ந்து வாழ்வோம்!