கடலுக்கேற்ற கண்ணாடி

மன்னார்க் கடலிலே முத்துச் சலாபம் நடந்த காலத்திற் குளியாளரின் கருவிகள் மிகச் சிலவே. விரைந்து கீழிறங்க ஒரு கல், சிப்பியை இட ஒரு வலைப்பை, படகில் நிற்போன் கையில் ஒரு கயிறு, இவ்வளவுதான். சுறாவின் வாயைக் கட்டக் கடல்கட்டி மந்திரஞ் செபித்தான்; குளியாளனின் கண்ணைக் காக்க யாதொன்றும் இருந்திலது. பாரசீகக் குடாவிலிருந்து வந்த அராபியர் கொம்பினாற் செய்த கவ்வியை மூக்கில் மாட்டினர். நம்மவரோ பெரும்பாலும் விரலாலேயே மூக்கைப் பிடித்துக்கொண்டு இறங்கினர். 1905ஆம் ஆண்டில் மரிச்சுக்கட்டியிற் கூடிய ஏறத்தாழ 5,000 குளியாளர் 8 கோடிக்கு மேற்பட்ட சிப்பிகளை இவ்வாறே எடுத்தனர். ஐந்து முதற் பத்துப் பாக ஆழத்தில், மங்கலாகத் தெரிந்ததைக் கையால் தடவி எடுத்த அவர்தம் திறமையை என்னென்பது!

கண் மங்குவது உப்பினால் என்று எண்ணுவோர் பலர். அஃது அன்று. கட்டுக்கரைக்குளத்து நன்னீரில் மூழ்கினும் இதே மங்கல்தான். நம் விழியின் முகப்பிலுள்ள வளைந்த தெளிபடலமே கண்ணின் குவிக்கும் ஆற்றலில் மூன்றிலிரண்டு பங்கைத் தருகின்றது. காற்றிலிருந்து ஒளி அப்படலத்துள் நுழையும்போதுதான் நன்கு வளையும். நீரும் அப்படலமும் ஒளியை வளைக்குந் தன்மையில் ஏறக்குறைய ஒத்தனவாதலின், நீருக்குள் அவ்வாற்றல் பெரும்பாலும் போய்விடுகின்றது. கண்ணுக்கு முன்னே சிறிது காற்றை அடைத்து வைத்தால் பார்வை மீளும். முகமூடிக் கண்ணாடியின் வேலை இதுவேயாம். எனினும் ஒரு சிறு ஏமாற்று அதில் உண்டு: பொருள்கள் மூன்றிலொரு பங்கு பெரிதாகவும், நாலிலொரு பங்கு அண்மையிலும் தோன்றும். நாலடி தூரத்துச் சங்கு மூன்றடியிற் கிடப்பதாகத் தெரிய, நீட்டிய கை வெறும் நீரைப் பற்றும்.

இனி, கண்ணாடி வாங்கப் புறப்படுவோர் முதலில் தம்மைத்தாமே கேட்க வேண்டிய கேள்வி, 'நாம் மிதக்கப் போகின்றோமா, மூழ்கப் போகின்றோமா?' என்பதே. சிலாவத்துறையிலோ வங்காலையிலோ பவளப் பாறைகளின் மேல் குப்புற மிதந்து, மூச்சுக்குழலால் காற்றை இழுத்துக்கொண்டு மீன்களைக் காண்பது ஒன்று. முதுகிற் காற்றுக்கலன் தாங்கி ஆழத்திற்குச் செல்வது மற்றொன்று. இக்கலனுக்குரிய காற்றுச் சீராக்கியை 1943இல் பிரான்சு தேசத்துக் குஸ்தோ, கஞ்ஞான் என்னும் இருவர் அமைத்தனர். இன்று கடலட்டையும் சங்கும் எடுக்க நம் இளைஞர் அதனுடனேயே இறங்குகின்றனர்.

இவ்விரண்டிற்கும் உள்ள வேறுபாடு அமுக்கத்தில் இருக்கின்றது. ஒவ்வொரு 10 மீற்றர் ஆழத்திற்கும் ஒரு வளிமண்டல அமுக்கம் கூடுகின்றது. மேலே கண்ணாடிக்குள் அடைபட்ட காற்று 10 மீற்றரிற் பாதியளவாகச் சுருங்க முயலும். அங்ஙனம் சுருங்குங்கால் கண்ணாடி முகத்தை உறிஞ்சிப் பிடிக்கும். கண்ணின் நுண்ணிய குருதிக் குழாய்கள் வெடித்து வெண்விழி சிவந்துவிடும். இதற்கு மருந்து மூக்கில் இருக்கின்றது. மூக்கும் கண்ணாடிக்குள் இருந்தால், இறங்கும்போது மெல்ல மூக்கால் ஊதி உள்ளே காற்றைக் கூட்டலாம். கண்ணை மட்டும் மூடும் நீச்சற்குளக் கண்ணாடியால் அது கூடாது. யப்பானில் 'அமா' எனப்படும் குளிகாரிகள் முற்காலத்திற் கண்ணை மட்டும் மூடும் கண்ணாடியின் பக்கங்களிற் சிறு காற்றுப்பைகளைப் பொருத்தினர்; அமுக்கம் கூடக் கூடப் பையின் காற்று உள்ளே புகும். என்னே அவர்தம் நுட்பம்! மூக்கையும் மூடும் கண்ணாடி வந்தபின் அதற்குத் தேவை இல்லாது போயிற்று.

ஆதலின் மூழ்குவோர் தெரிய வேண்டியது மூக்கு அடங்குவதும், உள்ளே காற்றிடம் குறைந்ததுமான கண்ணாடியே. காற்றிடம் குறைய, ஊத வேண்டிய காற்றும் குறையும். உட்புகுந்த நீரை வெளியேற்றுதலும் எளிதாம். மூக்குப் பகுதி இரு விரலாற் பிடிக்கத்தக்க மென்மையுடையதாதல் வேண்டும். மூக்கைப் பிடித்து ஊதிக் காதைச் சமன்செய்யாவிடின் செவிப்பறை கிழியக்கூடும். மிதப்போருக்கு இத்துணைக் கட்டுப்பாடில்லை. அகன்ற பார்வையும் பக்கத்து வெளிச்சமும் தரும் பெரிய கண்ணாடியே அவர்களுக்கு இன்பம்.

முகம் முழுவதையும் மூடி உச்சியிற் குழல் பொருத்திய ஒருவகை இப்போது கடைகளிற் காணப்படுகின்றது. வாயிற் குழலைக் கவ்வ வேண்டியதில்லை என்பதால் பிள்ளைகள் அதனையே கேட்பர். நாம் அதனை விரும்பவில்லை. அதனுடன் மூழ்குதல் ஆகவே ஆகாது. மூக்கைப் பிடிக்க வழியில்லை, உள்ளே காற்றிடமோ பெரிது. மேலே மிதக்கும்போதும், காற்றோட்டம் செவ்வையாக அமையாதவற்றில் விட்ட மூச்சையே திரும்ப இழுக்க நேர்ந்து கரியமிலவாயு மிகும். தலைவலியும் மயக்கமும் கடல் நடுவே வருதல் எத்துணை ஆபத்து!

கடையிற் பார்க்கும் முறை எளிது. பட்டியை மாட்டாமல் கண்ணாடியை முகத்திற் பொருத்தி மூக்கால் மெல்ல மூச்சை இழுங்கள். கையை எடுத்தும் அது விழாது நின்றால் உங்கள் முகத்துக்கு ஏற்றது. கசிந்து விழுந்தால் விலை எத்துணை உயர்ந்ததாயினும் வேண்டாம். ஒருவர் முகத்துக்குப் பொருந்தியது அவர் தம்பிக்குப் பொருந்தாது. தடித்த மீசை நீரை உள்ளே விடும். மீசையை இழக்க மனமில்லாதார் அதன் மேல்விளிம்பைச் சிறிது வழித்துக்கொள்வதுண்டு. பட்டியை இறுக்கிக் கசிவை நிறுத்த முயல்வது வீண்; விளிம்பு மடிந்து மேலும் கசியும். முகப்பு, உடைந்தாலும் கூர்த்துண்டாகச் சிதறாத பதப்படுத்திய கண்ணாடியாக இருத்தல் வேண்டும். பிளாஸ்ரிக் கீறல் விழும். விளிம்பு சிலிக்கோனாயின் றப்பரிலும் நெடுநாள் உழைக்கும். மூக்குக்கண்ணாடி அணிவோர் அதன்மேல் இதனை மாட்டவியலாது. பார்வைக்கேற்ற வில்லை பொருத்தியவை தனியே கிடைக்கின்றன.

புதுக்கண்ணாடியின் உட்புறத்திற் படிந்திருக்கும் மெல்லிய படலம் ஆவியை விரைவிற் பிடிக்கும். பற்பசையிட்டு விரலால் நன்கு தேய்த்துக் கழுவினால் அது நீங்கும். பின்னர் ஒவ்வொரு முறையும் இறங்குமுன் சிறிது உமிழ்நீர் தடவி அலசுதல் போதும்.

மாசியின் பிற்பகுதி முதற் சித்திரை வரை மன்னார்க் குடா அமைதியாக இருக்கும். சலாபமும் அக்காலத்தையொட்டியே கூடிற்று. வைகாசியிற் சோழகக் காற்று எழுந்து நீரைக் கலக்கிவிட்டால் எந்தக் கண்ணாடியாலும் பயனில்லை; நன்னீரிற் கழுவி, வெயில் படாத இடத்தில் எடுத்து வைத்துவிட வேண்டியதுதான்.